காதில் விழுந்த பதவி

அத்தியாயம் பதினொன்று

ருயிலானுக்குக் கட்டைவிரல்கள் இரண்டும் மடங்க மறுத்தன. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கைகளை விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். தொழிற்சாலைக் கேன்டீனில் தட்டுக் கழுவுகிற எல்லோருக்கும் உள்ள வலிதான். குளிர் தொடங்கியது என்று முதலில் சொல்வது கட்டைவிரல். இன்றைக்கு அது போதாதென்று விடிந்ததிலிருந்து நண்டு வேறு கட்டியிருக்கிறாள்.

உயிர் நண்டைக் கட்டுவது லேசான வேலை இல்லை. கொடுக்கை மடக்கி, கால்களை உள்ளே தள்ளி, வைக்கோல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முடிச்சுப் போடும்வரை அது சும்மா இருக்காது. ஏரியில் நண்டு வளர்க்கிற ஒன்றுவிட்ட தம்பி கூடையை இறக்கி வைத்துவிட்டு, கட்டுவது உன் பாடு என்று போய்விட்டான்.

இரண்டு அட்டைப் பெட்டிகள் தயாராகிவிட்டன. பெரிய பெட்டியில் உள்ளங்கையை மறைக்கிற அளவு நண்டுகள். சின்னப் பெட்டியில் மீதி.

போன வாரம் மகள் வெய்தோங் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாளே, அன்றைக்கே, மேலாளர்களுக்கு நண்டு கொண்டுபோய்க் கொடுப்பது என்று ருயிலான் முடிவு செய்துவிட்டாள். மகளின் இரண்டாவது வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மூன்றாவதில் கையெழுத்து விழுந்தால் சட்டப்படி வேலை நிரந்தரம். அதனாலேயே கம்பெனிகள் இந்த இடத்தில்தான் ஆளைக் கழித்துவிடும். முப்பத்திரண்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வெளியே போனால், நாளைக்கே கட்டிக்கொண்டு பிள்ளை பெறப் போய்விடுவாள் என்று நினைத்து எவனும் எடுக்க மாட்டான்.

கணவன் பாவ்ஷான் முதுகுக்கு வெந்நீர்ப் பையைக் கொடுத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். வார்ப்புப் பட்டறையில் இரும்பு தூக்கித் தேய்ந்த முதுகு. கம்பெனிக்கெல்லாம் நீ போகாதே, போனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னால் விடுவாளா அவள் என்பது ருயிலானின் வாதம்.

"நாடகத்துல பாத்ததையெல்லாம் நம்பிக் கிளம்பாத. இருபது பாகம் ஓடியாச்சு, அந்த ஆபீஸ்ல ஒருத்தன் கக்கூஸ் போய் நான் பாக்கல" என்றான்.

"பாக்கறதில்லன்னு சொல்லிட்டு இருபதையும் எண்ணி வச்சிருக்கியே. நீ இரும்பு தூக்கின ஆளு. ஆபீஸ்ல ஆளை எப்படிக் கவுப்பாங்கன்னு உனக்கு என்னய்யா தெரியும்?"

அவளுக்குத் தெரியும். சோயா சாஸ் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்து, கீரை ஆய்ந்தபடி அவள் பார்த்த ஆபீஸ் நாடகங்களுக்குக் கணக்கில்லை. வெய்தோங் வீட்டில் வேலையைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேட்டால், உனக்குப் புரியாதும்மா. அந்தச் சின்னத் திரைதான் ருயிலானுக்குப் புரிய வைத்தது. கேன்டீனில் சண்டை வந்தால் கரண்டி பறக்கும், மறுநாள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிறார்கள். கையில் காப்பியோடு, குதிகால் உயர்ந்த செருப்பில், கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே எப்படி நடக்கிறார்கள். சின்ன ஊரிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்த பெண்ணை முதல் பாகத்தில் எல்லோரும் மிதிக்கிறார்கள். கடைசிப் பாகத்தில் அவளே தலைவியாக உட்காருகிறாள். ஒவ்வொரு நாடகத்திலும் ருயிலான் அந்தப் பெண்ணுக்கு மகளின் முகத்தை வைத்துத்தான் அழுதாள்.

நாடகங்களில் கற்ற பாடமும் உண்டு. எந்தக் கம்பெனியிலும் ஒரு முதன்மை மேலாளர், ஒரு துணை மேலாளர். முதன்மைக்குத்தான் அதிகாரம். துணைதான் குழி பறிக்கிறவன். அவனை நம்பவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. மகள் போனில் பேசும்போது இரண்டு பேரும் காதில் விழுந்திருக்கிறார்கள்: ஜெங் மேலாளர், ஃபூ மேலாளர். சீனத்தில் ஜெங் என்றால் முதன்மை, ஃபூ என்றால் துணை. பள்ளிக்கூடம் போகாதவருக்குக்கூடத் தெரிகிற வார்த்தைகள்.

பெரிய பெட்டி முதன்மைக்கு. சின்னது துணைக்கு.

*

மின்தூக்கி உதிரிப்பாகம் விற்கிற அந்தக் கம்பெனி ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கண்ணாடிச் சுவர் எதுவும் இல்லை. தரைவிரிப்பில் கறை. யாரோ நூடுல்ஸுக்கு வெந்நீர் ஊற்றிய வாடை. தப்பான மாடிக்கு வந்துவிட்டோமோ என்று ருயிலான் ஒருமுறை வெளியே போய்ப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

வரவேற்பு மேசைப் பெண் நல்ல மாதிரி. உட்காருங்க அத்தை என்றாள். வெய்தோங் காலையிலேயே கிடங்குக்குப் போயிருக்கிறாள் என்றாள். ருயிலானுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. தான் யார் என்று சொல்லி, பெட்டிகளை மேசைமேல் வைத்தாள்.

"பெரிசு ஜெங் மேலாளருக்கும்மா. சின்னது ஃபூ மேலாளருக்கு. மாத்திடாத."

"சரியாத்தான் சொல்றீங்களா அத்தை?"

"என் வயசுக்கு இது கூடவா தெரியாது?"

அந்தப் பெண் மேலே எதுவும் கேட்கவில்லை. இரண்டு மஞ்சள் சீட்டுகளில் இரண்டு பேரையும் எழுதி, யார் கொடுத்தது என்பதையும் எழுதி, பெட்டிமேல் ஒட்டினாள். ருயிலான் அந்த எழுத்துகளை நின்று பார்த்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவளுக்குக் கேன்டீனுக்கு நேரமாகிவிட்டது.

*

வெய்தோங் கிடங்கிலிருந்து திரும்பியபோது பெட்டிகள் மேசைமேலேயே இருந்தன. ஆபீஸுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லோரும் தாண்டிப் போய்விட்டிருந்தார்கள்.

அவளுடைய இருக்கைக்குப் போகும் வழியில் யாரும் நிமிரவில்லை. பக்கத்து இருக்கை ஷின்யீ மட்டும் திரையைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் பேசினாள்.

"கட்சி சேந்துட்டேன்னு என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன மைக் போட்டு ஊருக்குச் சொல்லவா போறேன்?"

வெய்தோங்குக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பிப் போய்ச் சீட்டுகளைப் படித்தாள். போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, பெரிய பெட்டி யாருக்குன்னு சொன்ன?"

"வேற யாருக்கு, முதன்மை மேலாளருக்குத்தான். ஜெங்."

"அது அவரோட குடும்பப் பேரும்மா."

எதிர்முனையில் தட்டுகள் மோதுகிற சத்தம்.

"பேருதான் ஜெங். பதவி துணை. ஆபீஸ்ல துணைங்கிற வார்த்தைய எவனும் வாயில எடுக்க மாட்டான், மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருக்கும்னு. அதை விட்டுட்டு ஜெங் மேலாளர்னே கூப்பிடுவோம். ஃபூங்கிறதும் குடும்பப் பேரு. அந்தம்மாதான் எங்க எல்லாருக்கும் தலை. என் காகிதம் அவங்க மேசையில கிடக்குது."

"ஃபூன்னா துணைதானேடி?"

"காதுக்கு ஒண்ணுதான். எழுத்து வேற."

ருயிலானின் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "நாடகத்துல ஆள் வந்ததும் பேரு, பதவி எல்லாம் கீழ எழுதிக் காட்டுவாங்களே, தோங்தோங்" என்றாள், மகளைச் செல்லப்பேரில் கூப்பிட்டு.

வெய்தோங் போனை வைத்தாள்.

வேறு எந்த மாதமாக இருந்தாலும் இதைச் சிரித்துத் தீர்த்திருக்கலாம். ஃபூவை இங்கிருந்து நகர்த்த ஜெங் ஒரு வருஷமாகக் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஃபூவைப் பற்றிக் கேட்கப் போகிறார்கள். அதற்கு முன்பு யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடக் கூடாதென்று மொத்த ஆபீஸும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் இவள் பேர் எழுதிய பெரிய பெட்டி ஜெங்குக்கு. சின்னது ஃபூவுக்கு.

ஃபூ கூப்பிடுகிறார் என்று வரவேற்புப் பெண் வந்து சொன்னாள்.

ஐம்பது தாண்டிய பெண்மணி. குட்டை முடி. கையில் தேநீர்க் குடுவை. யாரையும் பாராட்டியதில்லை, யாரையும் பேர் சொல்லித் திட்டியதும் இல்லை. நாடகத்தில் போட்டால் நல்லவளா கெட்டவளா என்று எழுதத் தெரியாமல் விட்டுவிடுவார்கள். சின்னப் பெட்டி அவர் காலடியில் இருந்தது. உள்ளே நண்டுகள் நுரை கக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு நண்டு ஒத்துக்காது. எடுத்துட்டுப் போயிடு. உங்கம்மாவுக்கு என் நன்றியச் சொல்லு."

வெய்தோங் வாயைத் திறந்தாள். நாடகம் என்றால் இந்த இடத்தில் கதாநாயகி இரண்டு வாக்கியத்தில் விளக்குவாள். மேலாளர் ஒரு நொடி முறைத்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலிருந்து அவளுக்கு ஏறுமுகம்.

எப்படி விளக்குவது? உங்கள் பேரைச் சொன்னால் துணை என்று கேட்கிறது, எங்கள் அம்மா உங்களைத் துணை என்று நினைத்துவிட்டாள் என்றா? இந்த ஆபீஸில் அந்தப் பேரைக் கேட்டு வருகிற சிரிப்பை எல்லோரும் பல்லைக் கடித்து விழுங்கிவிடுவார்கள். ஒருமுறை ஒரு விருந்தில், சரக்கு வாங்க வந்த ஒருவர் அந்த ஒலியை நம்பி ஃபூவை இரண்டாவது நாற்காலியில் உட்கார வைத்தார். ஃபூ அன்றைக்கு உட்கார்ந்து, சாப்பிட்டு, நன்றி சொல்லி எழுந்து வந்தார். அந்த ஆளோடு வியாபாரம் அதோடு சரி.

"மேடம், எங்கம்மாவுக்குப் படிப்புக் கம்மி, அவங்க..."

"அம்மாவை இதுல இழுக்காத." ஃபூ குடுவையின் மூடியைத் திருகினார். "உன் ஒப்பந்தம் மனிதவளத்துக்குப் போயாச்சு. போய் வேலையப் பாரு."

போயாச்சு என்றால் என்ன? கையெழுத்தாகிப் போயிற்றா, வேண்டாம் என்று போயிற்றா? கேட்கத் தைரியம் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் தன் இருக்கைக்கு நடந்தாள். திருப்பி அனுப்பப்பட்ட பெட்டி கையில் இருக்கும்போது எந்த ஆபீஸும் நீளமாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் ஷின்யீயும் மற்ற பெண்களும் வழக்கம்போல ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் அதே ஆபீஸ் நாடகத்தை ஓடவிட்டார்கள். திரையில் கெட்டவன் ஒருவன் பூத்தொட்டிக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வெய்தோங் வந்ததும் ஒருத்தி நகர்ந்து இடம்விட்டாள். கொஞ்சம் அதிகமாகவே நகர்ந்தாள்.

*

மத்தியானம் மனிதவளத்தில் கூப்பிட்டார்கள். மேசைமேல் மூன்றாவது ஒப்பந்தம். சிவப்பு வட்ட முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள் அங்கே இருந்தவள். வெய்தோங் போட்டாள். தன் பேர் தனக்கே கோணலாகத் தெரிந்தது. வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். ஃபூதான் கொடுத்திருக்கிறார், இத்தனைக்குப் பிறகும் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தாள்.

அப்போது ஜெங் வந்தான். எப்போதும் சிரித்த முகம். எல்லோருடைய அப்பா அம்மா உடல்நிலையையும் விசாரிக்கிறவன். நண்டுக்கு நன்றி என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அவர்கள் போனதும், சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவளைக் குடும்பப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, குரலை இறக்கினான்.

"கையெழுத்துப் போட்டாச்சா, சின்ன லுவோ? உன் காகிதம் அங்க சும்மா தூங்கிட்டு இருந்துச்சு. காலையில நான்தான் மேல பேசி எழுப்பிவிட்டேன். உங்கம்மா விவரமான ஆளு. யாரைப் பாக்கணும்னு தெரிஞ்சிருக்கு."

நன்றி என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

"திங்கக்கிழமை உன்னையும் கூப்பிடுவாங்க. அந்தச் சரக்கு லேட்டாப் போச்சே, பதிவுல தேதிய மாத்துனது யாரு சொல்லின்னு கேப்பாங்க."

வெய்தோங்குக்கு அது மறக்கவில்லை. லேட்டான சரக்கு நேரத்துக்குப் போனதாகக் காட்ட, தேதியை மாற்றச் சொன்னவன் ஜெங். இதே இடத்தில் நின்றுதான் சொன்னான். விசைப்பலகையில் தட்டியது அவள். ஃபூவுக்கு அது அன்றைக்குத் தெரியவே தெரியாது.

"ஃபூ சொன்னாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். நீ சின்னப் பொண்ணு, மேல சொன்னதைச் செஞ்ச, உன் மேல ஒண்ணும் வராது." அவன் காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்து அவள் கையில் கொடுத்தான். "மூஞ்சி வெளுத்திருக்கு. குடி."

*

வீட்டில் பாவ்ஷான் சின்னப் பெட்டியைப் பிரித்து நண்டுகளை ஆவித்தட்டில் அடுக்கினான். செத்தால் தின்ன முடியாது, உசிரோட இருக்கும்போதே வேக வைத்துவிடலாம் என்றான். அவன் கோபத்தைக் காட்டுவது இப்படித்தான், எதையாவது வேக வைத்து.

ருயிலான் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கே போகிறேன், அந்த ஃபூம்மா முன்னால் நின்று தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று இரண்டாவது தடவையாகச் சொன்னாள்.

"என்னன்னு கேப்ப? உங்க பேரு துணைன்னு கேட்டுச்சு, மன்னிச்சிருங்கன்னா?"

"உண்மையச் சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"அது நாடகத்துலம்மா." வெய்தோங் நண்டின் ஓட்டைப் பிளக்கப் பார்த்தாள். விரலில் வலு இல்லை. "நானும் காலேஜ்ல ஹாஸ்டல் கட்டில்ல படுத்து அதையெல்லாம் பாத்துத்தான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டேன். அந்த ஆபீஸும் அந்த நடையும். வேலை செஞ்சா மேல வந்துரலாம், கெட்டவன் கடைசியில மாட்டுவான்னு நம்பினேன். பெரிய கூட்டத்துல கதாநாயகி எழுந்து நின்னு உண்மையச் சொல்லுவா, எல்லாரும் கைதட்டுவாங்க. மறுநாளு அவளுக்கு யாரு சம்பளம் குடுத்தாங்கன்னு காட்டவே மாட்டாங்க."

பாவ்ஷான் அவள் கையிலிருந்த நண்டை வாங்கி, ஒரே அழுத்தில் பிளந்து திருப்பிக் கொடுத்தான்.

"இப்ப காகிதம் வந்துருச்சுல்ல. வேலை நிக்குதுல்ல" என்றாள் ருயிலான். சந்தோஷப்படலாமா என்று மகள் முகத்தில் தேடினாள். "அப்போ நான் செஞ்சது நல்லதா கெட்டதா, அதைச் சொல்லு."

"அதுதாம்மா தெரியல. நாடகத்துல கெட்டவனுக்கு மூஞ்சியிலயே கெட்டவன்னு எழுதியிருக்கும். எனக்கு இன்னைக்கு நல்லது செஞ்சது யாருன்னே தெரியல. நான்தான்னு சொல்லி ஜெங் தண்ணி பிடிச்சுக் குடுத்தான்."

பாவ்ஷான் அப்போதுதான் நிமிர்ந்தான். ஜெங் என்ன கேட்டான் என்று நேராகக் கேட்டான். பட்டறையில் இருந்தவனுக்கு, ஒருவன் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான் என்றால் பின்னால் ஏதோ வருகிறது என்று தெரியும். வெய்தோங் சொன்னாள். தேதி, சரக்கு, திங்கட்கிழமை, ஃபூவின் பேர். ஒன்றையும் மறைக்கவில்லை. முதல் தடவையாக ஆபீஸில் நடப்பதை வீட்டில் முழுதாகச் சொன்னாள். கேட்டு முடித்ததும் ருயிலான் கோட்டைக் கழற்றி மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீ சொல்லப் போறியா?" என்றான் பாவ்ஷான்.

"சொல்லலன்னா அவன் சும்மா இருப்பானா? தேதிய அடிச்சது என் கை. என் பேருல பதிவாயிருக்கு."

"அந்தம்மாவுக்குக் குடும்பம் இருக்கா?" என்று கேட்டாள் ருயிலான். அடுப்பை அணைக்க மறந்திருந்தார்கள். ஆவித்தட்டின் அடியில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாடை வந்தது.

வெய்தோங் அறைக்குப் போய் ஒப்பந்தத்தை விளக்கடியில் பிரித்து வைத்தாள். கம்பெனியின் பேரில் ஒரு முத்திரை, அவ்வளவுதான். அதை அழுத்தியது யார் என்று அதில் எங்கும் இல்லை. ஃபூ முன்பே அனுப்பிவிட்ட காகிதத்துக்குத்தான் ஜெங் சொந்தம் கொண்டாடினானா, இல்லை உண்மையிலேயே அவன்தான் எழுப்பிவிட்டானா? இதைத் தெரிந்துகொள்ள ஃபூவிடம் கேட்க வேண்டும். ஃபூவின் முகத்தைப் பார்த்துக் கேட்கிற தகுதி காலையோடு போய்விட்டது.

வேலை யார் கொடுத்ததோ, வசூலுக்கு வந்தவன் ஒருவன்தான். ஜெங்குக்கு அவள் ஒரு பொய் கடன்பட்டிருந்தாள். திங்கட்கிழமை அதைக் கொடுத்தாக வேண்டும்.